ரொட்டி சுடும் கைக்கு ஒரு வாசல்

பாங்கொக் நகரின் பாங் ராக் பகுதியில், சபான் தாக்சின் ரயில் நிலையத்தடியில், காலை ஒன்பது மணிக்கு மேல் ஏழெட்டு வெளிநாட்டவர் கூடி நிற்பது வழக்கமான காட்சி. வெறும் வயிற்றோடு வாருங்கள் என்று அவர்களுக்கு முன்கூட்டியே சொல்லப்பட்டிருக்கும். பன்றி இறைச்சி சாப்பிடாதவர் யார், இறால் ஒத்துக்கொள்ளாதவர் யார், உறைப்பைத் தாங்காதவர் யார் என்ற விவரமெல்லாம் வழிகாட்டியிடம் இருக்கும். அடுத்த மூன்று, மூன்றரை மணி நேரத்தில் அவர்கள் நடக்கும் தூரம் கொஞ்சம்தான். ஆனால் அதற்குள் ஆறேழு கடைகளில் உட்கார்ந்து எழும்பிவிடுவார்கள்.

அவர்கள் நடப்பது சரோன் கிருங் வீதியில். 1860களில் மன்னர் மொங்குட் காலத்தில் போடப்பட்ட அந்த வீதியை பாங்கொக்கின் முதல் நவீன வீதி என்பார்கள். ஆற்றோரத் துறைமுகப் பகுதி என்பதால் சீனர், முஸ்லிம்கள், இந்தியர், ஐரோப்பியர் என்று பலரும் அங்கே வந்து குடியேறினார்கள். வந்தவர்கள் எல்லோரும் தங்கள் அடுப்பையும் கொண்டு வந்தார்கள். ஒரு கடையில் வாட்டிய வாத்துக்கறியும் சோறும், இன்னொரு கடையில் முஸ்லிம் வீட்டுக் குழம்பு, அடுத்ததில் நம்முடைய பராட்டாவுக்குச் சொந்தக்காரனான ரொட்டி. பழைய பிரின்ஸ் திரையரங்கை ஒட்டி இருக்கும் 'ஜோக் பிரின்ஸ்' கடையின் அரிசிக் கஞ்சியில் லேசாக அடிப்பிடித்த வாசம் வரும். அந்த வாசத்துக்காகவே கூட்டம் நிற்கிறது. மிஷெலின் வழிகாட்டியும் அந்தக் கஞ்சிக்கடையைத் தன் பட்டியலில் சேர்த்திருக்கிறது.

அதே பாங் ராக் பகுதியின் சீலோம் வீதியில் ஒரு கோபுரம் நிற்கிறது. வைத்தி படையாட்சி என்ற தமிழர் முன்னின்று 1879இல் எழுப்பிய ஸ்ரீ மகா மாரியம்மன் கோயில். நவராத்திரி முடிவில் அம்மன் வீதியுலா வரும் இரவில் சீலோம் வீதியில் வாகனம் ஓடாது. தமிழே தெரியாத தாய்லாந்துக்காரர்கள் ஆயிரக்கணக்கில் கூடி, மஞ்சள் பூவும் தேங்காயும் வைத்து அம்மனுக்காகக் காத்திருப்பார்கள். கோயிலைச் சுற்றி மாலை கட்டி விற்கும் கடைகள் வரிசையாக இருக்கின்றன.

இலங்கையின் பதுளை மாவட்டத்தில், பசறையைத் தாண்டி லுணுகலைக்கு வருகிற பாதையிலும் மாரியம்மன் துணையாக வருகிறாள். தேயிலைத் தோட்டம் தவறாமல் ஒரு கோயில். உளுந்து அரைக்கும் வீடுகளும் உண்டு, மாவு பிசையும் கைகளும் உண்டு, கல் காயும் அடுப்பும் உண்டு. வெளிநாட்டுப் பயணிகளும் இந்த மாவட்டத்துக்கு வராமல் இல்லை. இருந்தும், வரும் பயணிக்கும் எரியும் அடுப்புக்கும் நடுவில் ஒரு பாதை இன்னும் போடப்படவில்லை. அதை ஏன் போடமுடியவில்லை, எப்படிப் போடலாம் என்பதுதான் இந்த இதழின் கேள்வி.

முதலில் அந்தப் பாங்கொக் உணவு நடையின் கணக்கைப் புரிந்துகொள்ள வேண்டும். ஒரு கோப்பை நூடில்ஸ் ஐம்பது, அறுபது தாய்லாந்து பாட்டுக்குக் கிடைக்கும் வீதியில் இந்த நடைக்கு ஆளுக்கு ஆயிரம் பாட்டுக்கு மேல் வாங்குகிறார்கள். அது கொள்ளை அல்ல. கடையின் பெயர்ப்பலகை தாய்லாந்து மொழியில் இருக்கிறது, விலைப்பட்டியலும் அதே மொழியில். எந்தக் கடையில் எண்ணெய் புதிது, எந்தக் கடையில் எந்த நேரத்துக்குப் போனால் சாமான் தீராமல் இருக்கும், எதை எதோடு தொட்டுச் சாப்பிடுவது என்பதெல்லாம் அங்கேயே வளர்ந்த ஒருவருக்குத்தான் தெரியும். அந்த அறிவுக்குத்தான் கட்டணம். கடைக்காரருக்குச் சாப்பாட்டின் விலை போய்ச் சேர்ந்துவிடுகிறது. காலைக் கூட்டம் கலைந்து மதியக் கூட்டம் தொடங்காத இடைவேளையில் வழிகாட்டி ஆட்களை அழைத்து வருவதால், சும்மா கிடக்கும் மேசைக்கும் வியாபாரம் கிடைக்கிறது. பயணிக்கு ஒவ்வோர் இடத்திலும் சின்னக் கோப்பையில் நாலு வாய்தான் வரும். அப்போதுதான் ஏழாவது கடைக்கும் வயிற்றில் இடம் இருக்கும்.

குழு சின்னதாக இருப்பதற்கும் காரணம் இருக்கிறது. தெருக்கடையில் இருப்பது இரண்டு மேசை, எட்டுப் பத்து ஸ்டூல். இருபது பேரை ஒரே நேரத்தில் கொண்டுபோய் இறக்கினால் தினமும் சாப்பிடும் வாடிக்கையாளருக்கு இடம் இருக்காது. ஒரு மாதத்தில் அந்தக் கடை பயணிகளின் கடையாகிவிடும். அதற்குப் பிறகு ருசி போகும், விலை ஏறும், கடைசியில் பயணியும் வரமாட்டான். எட்டுப் பேர் என்ற எண்ணைக் கடையின் அளவு பார்த்துத்தான் வைத்திருக்கிறார்கள்.

அந்த நகரத்திலும் தெருக்கடைகளுக்கு எல்லாம் சுலபமாக அமைந்துவிடவில்லை. 2014இல் வந்த ஆட்சியில் நடைபாதைகளைச் சுத்தப்படுத்துவதாகச் சொல்லிப் பல பகுதிகளில் வியாபாரிகளை எழுப்பினார்கள். 2017 ஏப்ரலில் தெருவுணவே தடைசெய்யப்படப் போகிறது என்ற செய்தி உலகம் முழுவதும் பரவியது. எதிர்ப்பு வந்ததும், யாவோராத் சீனத்தெருவும் காவ் சான் வீதியும் தொடரலாம் என்று மாநகர நிர்வாகம் விளக்கம் சொன்னது. அதே ஆண்டு டிசம்பரில், கரியடுப்பின் முன்னால் கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டு நண்டு ஆம்லெட் பொரிக்கும் ஜெய் ஃபாய் அம்மாவுக்கு மிஷெலின் நட்சத்திரம் கிடைத்தது. சிங்கப்பூரின் அங்காடி உணவுப் பண்பாட்டை 2020 டிசம்பரில் யுனெஸ்கோ தன் மரபுப் பட்டியலில் சேர்த்தது. தெருவோர அடுப்புக்கு மதிப்பு தானாக வந்ததில்லை. யாரோ கேட்டார்கள், யாரோ எழுதினார்கள், யாரோ எதிர்த்து நின்றார்கள்.

இனி நம் ஊவா மாகாணத்துக்கு வருவோம்.

இலங்கைக்கு 2018இல் 23 லட்சத்துக்கு மேற்பட்ட சுற்றுலாப் பயணிகள் வந்தார்கள். உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்பு, கொரோனா, 2022 பொருளாதார நெருக்கடி எல்லாவற்றையும் தாண்டி, 2024இல் அந்த எண்ணிக்கை மறுபடியும் 20 லட்சத்தைக் கடந்தது. அவர்களில் மலைநாட்டுக்கு வருகிறவர்கள் பலரும் ஒரு ரயில் பயணத்துக்காக வருகிறார்கள். 1924இல் பதுளையைத் தொட்ட அந்த இருப்புப் பாதை, 1921இல் கட்டி முடித்த ஒன்பது வளைவுப் பாலம், தெமோதரையில் தன்னைத் தானே சுற்றி வரும் வளையம். எல்லச் சிறுநகரில் இறங்கியதும் அவர்களுக்குக் கிடைப்பது பீட்சா, பான்கேக், சாக்லேட் தடவிய வாழைப்பழ ரொட்டி. சில வீடுகளில் சமையல் வகுப்பு நடக்கிறது, கறிசோறு சமைக்கக் கற்றுக்கொடுக்கிறார்கள். அது நல்ல தொழில். ஆனால் எல்லவுக்கு நாலாபுறமும் பச்சையாகத் தெரியும் மலைகளில் கொழுந்து எடுக்கிறவள் காலையில் என்ன சாப்பிட்டுவிட்டு மலையேறினாள் என்பதை அந்த வகுப்பில் யாரும் சொல்வதில்லை.

ஒரே ஓர் இடத்தில் அது தெரிகிறது. ஹப்புத்தளைக்கு மேலே தம்பேதென்னை தோட்டம். தோமஸ் லிப்டன் 1890இல் வாங்கிய தோட்டம் அது. தொழிற்சாலையிலிருந்து தேயிலைக்கு நடுவே வளைந்து வளைந்து ஏறும் பாதை 'லிப்டன் சீட்' என்ற உச்சியில் முடிகிறது. விடியற்காலையில் முகில் ஏறுவதற்கு முன் போய்ச் சேர்ந்தால் தென்கடற்கரை வரை தெரியும் என்பதால் வெள்ளைக்காரர் இருட்டிலேயே ஓட்டோ பிடித்து ஏறுவார்கள். உச்சியில் ஒரு சின்னத் தேத்தண்ணிக்கடை. அங்கே சுடச்சுட ரொட்டி, சம்பல், வடை, பிளேன்டீ. குளிரில் விறைத்த கையால் அந்த ரொட்டியைப் பிய்த்துச் சம்பலைத் தொட்டவர்கள் ஊருக்குப் போயும் அதைப் பற்றிப் பேசுகிறார்கள். பயணக் கையேடுகளில்கூட அந்த ரொட்டிக்கு ஒரு வரி கிடைத்திருக்கிறது. தோட்டத்து ரொட்டியை உலகத்துக்குக் கொடுக்கலாம் என்பதற்கு வேறு சாட்சி வேண்டியதில்லை.

இருந்தாலும் இன்னொரு சாட்சி ரயிலிலேயே ஏறி வருகிறது. கூடையை இடுப்பில் அணைத்துக்கொண்டு, ஆட்டத்துக்கு ஏற்பக் காலை ஊன்றி, "வடே வடே" என்று கூவிக்கொண்டு பெட்டிக்குப் பெட்டி போகும் வியாபாரிகள். பருப்பு வடை, உளுந்து வடை, கூடவே ஒரு காய்ந்த மிளகாய். பாடசாலைப் பிள்ளையின் பழைய கொப்பித்தாளில் சுருட்டிக் கொடுப்பார்கள். எண்ணெய் ஊறிய தாளில் கணக்குப் பாடம் தெரியும். பதுளை ரயிலைப் பற்றி வெளிநாட்டவர் எடுக்கும் காணொளி எதிலும் அந்த வடை தவறுவதில்லை. வழிகாட்டியும் இல்லை, விளம்பரமும் இல்லை. ருசி ஒன்றுதான் அதை விற்கிறது.

லுணுகலை இந்த ரயிலுக்கு எட்டாத ஊர். பதுளையிலிருந்து ஏறத்தாழ 40 கிலோமீட்டர். பேராதனையில் தொடங்கி பதுளை, பசறை, லுணுகலை, பிபிலை வழியாகச் செங்கலடியில் முடியும் ஏ5 நெடுஞ்சாலையில் இருக்கிறது. மேலே மடுல்சீமையின் குளிர், கீழே பிபிலையின் வெயில். நடுவில் ஹொப்டன், அடாவத்தை போன்ற தோட்டங்களுக்குச் சந்தையும் ஆஸ்பத்திரியும் பள்ளிக்கூடமும் இந்தச் சிறுநகரம்தான். தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர் மூவரும் ஒரே கடைத்தெருவில் வியாபாரம் செய்கிறார்கள்.

இங்குள்ள சாப்பாட்டுக்கடை ஒன்றில் உட்கார்ந்தால் எதுவும் கேட்க வேண்டியதில்லை. கண்ணாடி அலுமாரியில் இருந்து ஒரு தட்டு நிறைய எடுத்து மேசையில் வைத்துவிடுவார்கள்: முக்கோணமாக மடித்த மரக்கறி ரொட்டி, ரோல்ஸ், முட்டை ரொட்டி, மாலுபாண், வடை. வேண்டியதைச் சாப்பிட்டுவிட்டு மீதியை விட்டுவிடலாம். போகும்போது பையன் தட்டைப் பார்த்துக் கணக்குச் சொல்லுவான். பிளேன்டீக்குச் சீனியைக் கலக்காமல் தனியாக வாங்கி, உள்ளங்கையில் வைத்து நக்கிக்கொண்டு குடிக்கும் பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். நமக்கு இதெல்லாம் ஒன்றுமில்லாத விஷயம். ஆனால் பாங்கொக் வழிகாட்டியின் கண்ணுக்கு, ஒரு நடையின் முதல் நிறுத்தத்துக்கு வேண்டிய எல்லாம் அந்த மேசையில் இருக்கிறது. வாடிக்கையாளரை நம்பித் தட்டை மேசையில் வைக்கிற வழக்கத்தைப் பார்த்தே ஒரு பயணி அசந்துபோவான்.

தோட்டத்து ரொட்டியைச் சுடுவதைப் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். கோதுமை மாவில் துருவிய தேங்காயும் உப்பும் போட்டு முதலில் உலர்வாகவே விரலால் பிசறுவார்கள். தேங்காயின் ஈரம் மாவில் இறங்கிய பிறகுதான் தண்ணீர். உருண்டையைத் தட்டின் முதுகில் வைத்து உள்ளங்கையால் தட்டித் தட்டி அகலமாக்கும்போது ஓரம் வெடிக்கும். அந்த வெடிப்பை விரல் நுனியால் உள்ளே மடித்துவிடுவது கைப்பழக்கம். எண்ணெய் இல்லாத கல்லில் போட்டு, கறுப்புப் புள்ளி விழுந்ததும் திருப்பி, கடைசியில் விறகுத் தணலுக்கு முன்னால் சாய்த்து நிறுத்துவார்கள். அப்போதுதான் உள்மாவு வேகும். காய்ந்த மிளகாய், சின்ன வெங்காயம், உப்பு வைத்து அம்மியில் அரைத்த கட்டைச் சம்பல் பக்கத்தில் இருக்கும். வசதி இருந்தால் அதில் மாசி சேரும். காலையில் சுட்ட ரொட்டி மத்தியானம் மலையில் பிரித்தாலும் கெட்டுப்போகாது, வயிற்றில் நின்று பேசும். நாள் முழுவதும் சரிவில் நிற்கிற உடம்புக்காகவே உருவான சாப்பாடு அது.

இந்த ரொட்டிக்குப் பின்னால் வரலாறும் இருக்கிறது. கோப்பிக் காலத்திலும் தேயிலையின் முதல் காலத்திலும் தோட்டத்தில் கூலிக்கணக்கில் கழித்துக் கொடுத்தது அரிசிதான். இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் அரிசி தட்டுப்பாடானபோது கோதுமை மா பங்கீட்டில் வந்தது. 1970களின் நடுவில் வந்த உணவு நெருக்கடியில் தோட்டங்களில் பட்டினிச் சாவுகள் நடந்தன. அந்தக் காலத்தைக் கண்ட கிழவிகளிடம் கேட்டால், ஒரு ரொட்டியை எத்தனை பேருக்குப் பிய்த்தோம் என்று சொல்வார்கள். 1980இல் திருகோணமலையில் பிறிமா மா ஆலை வந்த பிறகு கோதுமை மா தோட்டக் கடைகளில் எப்போதும் கிடைக்கும் பொருளாயிற்று. 2022 நெருக்கடியில் அதன் விலை பல மடங்கு ஏறியபோது, தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயங்களில் ரொட்டியின் பருமன் குறைந்தது. லிப்டன் சீட்டில் ரொட்டி தின்னும் பயணிக்கு இவ்வளவையும் சொல்ல ஓர் ஆள் இருந்தால் அந்த ரொட்டியின் மதிப்பு எங்கே போகும் என்று யோசித்துப் பாருங்கள்.

அந்த ஆள் ஏன் இல்லை என்பதற்குச் சோம்பலோ திறமைக் குறைவோ காரணம் அல்ல. கொழும்பில் சைவக்கடையில் தோசைக் கல்லுக்கு முன்னால் நிற்பவனையும், இரவில் கொத்து ரொட்டி தட்டுபவனையும் எந்த ஊர் என்று கேட்டால் பதுளை, பசறை, அட்டன், மஸ்கெலியா என்றுதான் பலரும் பதில் சொல்வார்கள். தலைநகரத்தின் தெருவுணவைத் தூக்கி நிறுத்தும் கைகளில் பெரும்பகுதி மலையகத்துக் கைகள். அந்தக் கைகளால் சொந்த ஊரில் ஒரு கடை போட முடியாமல் இருப்பதற்குக் காரணம் நிலம்.

பாங்கொக்கின் நூடில்ஸ் கடைக்காரிக்கு நடைபாதையில் ஒரு மூலையாவது இருக்கிறது. தலைமுறைகளாக அவள் குடும்பம் பிடித்து வைத்திருக்கும் மூலை. மாநகரம் எழுப்ப வந்தால் அதற்காக வாதாடலாம். தோட்டத்துப் பெண் குடியிருக்கும் லயத்துக் காம்பரா பத்துக்குப் பன்னிரண்டு அடி. அந்தக் காம்பராவோ வாசலோ அவளுக்குச் சொந்தமில்லை. 1970களில் அரசுடைமையான தோட்டங்கள் 1992இல் பிராந்தியக் கம்பனிகளின் முகாமைக்குப் போயின. நிலம் அரசுக்கு, குத்தகை கம்பனிக்கு, உழைப்பு மட்டும் அவளுக்கு. வாசலில் ஒரு பலகை போட்டு வடை விற்க வேண்டுமென்றாலும் தோட்ட நிர்வாகத்தின் தயவு வேண்டும். சொந்த முகவரியும் காணி உறுதியும் இல்லாதவருக்கு வங்கிக் கடன் ஏது? 2023இல், மலையகத் தமிழர் இலங்கைக்கு வந்து 200 ஆண்டு ஆனதன் நினைவாகத் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்தவர்களின் முக்கியமான கோரிக்கைகளில் காணியுரிமை இருந்ததற்கு இதுவும் ஒரு காரணம். சுற்றுலா பற்றிப் பேசும்போது அந்தக் கோரிக்கையை ஒதுக்கிவைத்துவிட்டுப் பேசுவது நேர்மையாகாது.

தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் 2024 செப்டெம்பரில் 1,350 ரூபா ஆனது. 2026 வரவு செலவுத் திட்டத்தில், அரசு கொடுக்கும் 200 ரூபா வருகைக் கொடுப்பனவையும் சேர்த்து 1,750 என்று அறிவித்தார்கள். எட்டுப் பேருக்கு ரொட்டியும் சம்பலும் தேத்தண்ணியும் கொடுத்து ஆளுக்கு 500 ரூபா வாங்கினால் ஒரு காலை வேளையில் 4,000 ரூபா. மாவு, தேங்காய், விறகுச் செலவு போக மிஞ்சுவது ஒரு நாட்சம்பளத்துக்கு மேல்தான். எல்ல நகரத்துக் கடை விலையோடு வைத்துப் பார்த்தால் 500 ரூபா பயணிக்குப் பெரிய தொகை அல்ல.

குடிபெயர்ந்து வந்தவர்களின் அடுப்பு ஒரு நகரத்தின் அடையாளமாகவே மாறியதற்குத் தமிழ்நாட்டில் நல்ல உதாரணம் உண்டு. 1960களில் பர்மாவில் இராணுவ ஆட்சி வந்து கடைகள் அரசுடைமையானபோது, அங்கே வாழ்ந்த தமிழர்கள் கையில் ஒன்றுமில்லாமல் கப்பலேறிச் சென்னைக்குத் திரும்பினார்கள். கடற்கரை ரயில் நிலையத்துக்கு எதிரே பர்மா பஜார் உருவானது. அதற்குப் பின்னால் உள்ள தெருக்களில் தள்ளுவண்டிகளில் பர்மிய நூடில்ஸ் வகைகளான அத்தோவும் மொஹிங்காவும் வந்தன. நூடில்ஸ், முட்டைக்கோஸ், பொரித்த வெங்காயம், புளித்தண்ணீர், மிளகாய்ப்பொடி எல்லாம் போட்டுக் கையாலேயே பிசைந்து கொடுக்கும் அத்தோ இன்று சென்னைப் பிள்ளைகளுக்குச் சொந்தச் சாப்பாடு. ஜோர்ஜ் டவுனில் உணவு நடை போகிறவர்கள் அந்த வண்டியைத் தவறவிடுவதில்லை. அகதியாக வந்தவர்களுக்கு அந்த நகரம் கொடுத்தது தெருவில் ஒரு வண்டி நிறுத்தும் இடம். அவ்வளவு போதுமாக இருந்தது.

இங்கே ஓர் எச்சரிக்கை சொல்ல வேண்டும். மலைநாட்டுச் சாலையோரங்களில், கொழுந்துக் கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு படத்துக்கு நிற்கும் பெண்களைப் பயணிகள் பார்த்திருப்பார்கள். படம் எடுத்தால் சில்லறை. லயத்துக்குள் வெளிநாட்டவரைக் கூட்டிக்கொண்டு போய் வறுமையைக் காட்டும் வேலையும் நடக்கிறது. உணவு நடை என்ற பெயரில் அது வரக்கூடாது. வீட்டுக்காரி அழைக்காமல் யாரும் வாசற்படி ஏறக்கூடாது. அவள் சுடுகிற நாளை அவளே தீர்மானிக்க வேண்டும். விலையையும் அவளே சொல்ல வேண்டும். படம் எடுக்கலாமா என்று அவளிடம் அவள் மொழியில் கேட்க வேண்டும். பாங் ராக்கில் கஞ்சி கிண்டும் பெண்ணை யாரும் பரிதாபத்தோடு பார்ப்பதில்லை, அவளுடைய கஞ்சிக்காக வரிசையில் நிற்கிறார்கள். லுணுகலையிலும் அந்த வரிசைதான் வேண்டும்.

நடை எப்படி இருக்கலாம்? பதுளை ரயில் நிலையத்தில் காலையில் தொடங்கலாம். ரயிலில் வந்த வடையோடேயே கதையும் தொடங்கிவிடும். பதுளைச் சந்தையில் மிளகு, இஞ்சி, வெலிமடையிலிருந்து இறங்கும் உருளைக்கிழங்கு, கருவாட்டுக் கடை. பிறகு வேன் பிடித்துப் பசறை. அங்கிருந்து மலை இறங்கி லுணுகலைச் சாப்பாட்டுக்கடையில் அந்தத் தட்டு. முஸ்லிம் கடையில் பராட்டா வீசுவதைப் பார்த்துக்கொண்டே ஒரு பிளேன்டீ. அதன் பிறகு ஒரு தோட்டத்தில், கோயில் மண்டபத்திலோ சனசமூக நிலையத்திலோ, மூன்று நாலு பெண்கள் சேர்ந்து போட்ட அடுப்பில் ரொட்டி. லயத்துக்குள் யாரும் நுழைய வேண்டியதில்லை. பருவத்துக்கு ஏற்றபடி பலாக்காய்க் கறி, மரவள்ளிக் கிழங்கு, வல்லாரைச் சம்பல். திருவிழாக் காலமானால் மாவிளக்கு. தீபாவளிக்கு முந்திய வாரமானால் முறுக்குப் பிழியும் சத்தமே போதும். முடிவில் பிபிலைப் பக்கத்துத் தோடம்பழம் கிடைக்கும் காலமாக இருந்தால் அதையும் ஒரு கடி.

வழிகாட்டிக்கு வெளியூர் போக வேண்டியதில்லை. இலங்கை சுற்றுலா அபிவிருத்தி அதிகாரசபை வழங்கும் அனுமதிப் பத்திரங்களில் பிரதேச வழிகாட்டி என்ற வகையும் இருக்கிறது. சுற்றுலா, ஹோட்டல் முகாமைத்துவ நிறுவகத்தின் பாடசாலை ஒன்று பண்டாரவளையில் இயங்குகிறது. பதுளையில் ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகம் சுற்றுலாத்துறைப் பட்டம் கொடுக்கிறது. உயர்தரம் முடித்துவிட்டுக் கொழும்புக் கடைக்குப் போகக் காத்திருக்கும் தோட்டத்துப் பிள்ளைக்குத் தமிழும் சிங்களமும் தெரியும். ஆங்கிலத்தைச் சேர்த்துக் கொடுத்தால் போதும். அடுப்பைப் பார்த்துச் சான்று கொடுக்கப் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் இருக்கிறார். கோயில் மண்டபத்துக்கும் சந்தையோரத்துக்கும் அனுமதி கொடுக்கப் பிரதேச சபையும் தோட்ட நிர்வாகமும் ஒரு மேசைக்கு வர வேண்டும். காணி உறுதி கிடைக்கும்வரை காத்திருக்காமல், அந்த ஓர் அடுப்புக்காவது எழுத்தில் உரிமை கொடுக்கலாம்.

பாதையைப் பற்றியும் பேசாமல் இருக்க முடியாது. 2021 மார்ச் 20 காலை லுணுகலையிலிருந்து கொழும்புக்குப் புறப்பட்ட தனியார் பஸ் பசறை 13ஆம் கட்டையில் பள்ளத்தில் விழுந்தது. குறைந்தது 14 பேர் அந்த இடத்திலும் ஆஸ்பத்திரியிலுமாக இறந்தார்கள். 2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வா புயல் பதுளை மாவட்டத்தில் மலைகளைச் சரித்தது, ரயில் பாதையையும் பல இடங்களில் உடைத்தது. வெளிநாட்டுப் பயணிக்காகச் சரிசெய்யும் வளைவு முதலில் நம் பிள்ளைகளின் பள்ளிக்கூட பஸ்ஸுக்கு உதவும். பாதுகாப்பு வேலியும் மண்சரிவு எச்சரிக்கையும் கேட்பதற்கு இந்தத் தொழில் இன்னொரு நியாயத்தைத் தரும்.

காலமும் சாதகமாக இருக்கிறது. ஊவாத் தேயிலைக்கு உலகச் சந்தையில் பெயர் வாங்கிக் கொடுப்பது ஜூலை தொடக்கம் செப்டெம்பர் வரையான பருவம். கச்சான் காற்று வறண்டு அடிக்கும் அந்த வாரங்களில் இலைக்கு ஒரு தனிக் குளிர்ச்சியான மணம் ஏறும். கொழும்பு ஏலத்தில் அதற்குத் தனி மவுசு. அந்தப் பருவத்துத் தேயிலை அதைப் பறித்தவளின் கோப்பைக்கு வருவதில்லை, அவளுக்குக் கிடைப்பது தோட்டத்தில் கொடுக்கும் தூள். அதே மாதங்களில்தான் கிழக்குக் கடற்கரையில் அலை அடங்கிப் பாசிக்குடாவும் நிலாவெளியும் பயணிகளால் நிறைகின்றன. மலையிலிருந்து பாசிக்குடாவுக்கு இறங்கும் நேர்ப்பாதை இந்த ஏ5 வீதி. ஜூலையில் ஒரு காலை லுணுகலையில் வேன் நிற்கட்டும். பருவத்து ஊவாத் தேயிலையில் போட்ட பிளேன்டீ எட்டுக் கோப்பை பயணிகளுக்கும், நாலு கோப்பை ரொட்டி சுட்ட பெண்களுக்கும் வரட்டும். தேயிலைக்கான காசை நடையின் கட்டணத்திலிருந்து கொடுத்துவிடலாம். நடையை நடத்த முன்வருகிறவர் யாராக இருந்தாலும், முதல் கணக்கில் இந்த நாலு கோப்பையையும் சேர்த்து எழுத வேண்டும்.